ஆதாரம் சார் சி.எம். ஆன கதை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதை மறைப்பதில்லை, கடைப் பலகையிலேயே போட்டுவிடலாமா என்று ஒரு காலத்தில் யோசித்தவன். தென்காசி யானைப்பாலத்துக்குப் பக்கத்தில், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, பாதி எழுத்து தேய்ந்த டைப்ரைட்டர் ஒன்றை அதில் வைத்து உட்கார்ந்தேன். ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் நடுவழியில் நின்றுவிடுவேன். விரலுக்குத் தெரிந்தால் போதும், வாய்க்கு எதற்கு? குற்றாலத்தில் சாரல் விழுந்தால் என் கொட்டகைக்குள்ளும் சாரல் விழும். முதுகைக் குடையாக்கி டைப் அடித்திருக்கிறேன். "அஞ்சாங்கிளாஸு, ஒனக்கு எதுக்குலே இங்கிலீஸு டைப்பு?" என்று சிரித்தவர்களின் பிள்ளைகள் பின்னாளில் என்னிடம்தான் ஆய்வேடு அடித்து பைண்டு பண்ணிக்கொண்டு போனார்கள். இந்தத் தெருவுக்கு முதல் ஜெராக்ஸ் என்னுடையது. முதல் கம்ப்யூட்டர் என்னுடையது. ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்துப் பதிக்க மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்தவர்களை யானைப்பாலத்திலேயே நிறுத்தியவன் நான். செங்கோட்டை வரைக்கும் போய், ஊசி போடாத டாக்டர்களாகப் பார்த்துக் கேளுங்கள். என் பசை ஒட்டாதவர் குறைவு.

இப்படி ஒண்டியாளாகக் கட்டி எழுப்பிய என்னை ஒரே சொல்லால் தினமும் சாய்த்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஆதாரம் சார். ஆதாரம் இல்லாமல் மூச்சுகூட விடாத மனிதர் இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான். "இதுக்கு என்ன ஆதாரம்?" என்று அவரே கேட்பார். கேட்கட்டும், எழுதுகிறேன்.

சொந்த ஊர் பண்பொழி. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் இணைப் பேராசிரியர். அந்த 'இணை'யை எடுத்துவிட்டு வெறும் பேராசிரியராக ஓய்வு பெற வேண்டும் என்பது ஒன்றுதான் மனிதருக்கு இருந்த ஆசை. மற்றபடி ஆசை, பயம், பக்தி எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்டு, கிடைக்காமல், ஒவ்வொன்றாகக் கைவிட்டவர்.

"மழை வரும் போலிருக்கே சார்" என்பேன்.

"ஆதாரம்?"

"மேகம் கறுத்துக் கெடக்குல்லா."

"நேத்தும் கறுத்துச்சு. வந்துச்சா?"

வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அச்சன்புதூர் ஆச்சி ஒருநாள் வாய் தவறி, "சுத்தமான பசும்பாலு சார்" என்று சொல்லிவிட்டது. இவர் வழக்கம்போல் கேட்டுவிட்டார். ஆச்சி அசரவில்லை. "மாடுதான் ஆதாரம். இங்கன பத்திட்டு வரட்டுமா, நீரே அங்கன வாறீரா?" என்றது. மறுநாள் காலையில் இவர் அச்சன்புதூரில் மாட்டுக்கு முன்னால் நின்றார். பார்த்துவிட்டு, "மாடு உண்டு. ஆனா இந்தப் பாலு இந்த மாட்டுப் பாலுதாங்கிறதுக்கு ஆதாரம் இல்ல" என்றார். அன்றிலிருந்து வரக்காப்பிதான்.

இந்தப் பட்டப்பெயரால் வந்த தொல்லையும் கொஞ்சமல்ல. ஆதாரம் சார் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு, ஆதார் கார்டில் விலாசம் மாற்ற ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். அவரும் விரட்டமாட்டார். உட்காரவைத்து, "நீங்க இந்த விலாசத்துலதான் இருக்கீயங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்பார். ஆபீசில் கேட்கிற அதே கேள்வி என்பதால், வந்தவர்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நம்பி, பையிலிருந்து ரேஷன் கார்டை எடுப்பார்கள்.

என் மகள் கல்யாணப் பத்திரிகையை என் கடையிலேயே அடித்தேன். 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி' என்று எல்லாரும் போடுவதைத்தான் நானும் போட்டேன். புரூஃப் பார்க்கிறேன் என்று வாங்கிய ஆதாரம் சார், 'பெரியோர்களால்' என்ற சொல்லுக்கு மேல் ஒரு நட்சத்திரம் போட்டார். "எந்தப் பெரியோர்? பேரு வேண்டாமா?" என்று கேட்டார். சும்மா அவர் மனம் கோணக்கூடாது என்று சரி என்றேன். பத்திரிகையின் அடியில் சின்ன எழுத்தில் எட்டுப் பெரியோர்களின் பெயர் வந்தது. விட்டுப்போன ஒன்பதாவது பெரியவர், என் சித்தப்பா, கல்யாணத்துக்கு வரவில்லை. இன்றுவரை பேச்சு இல்லை.

அவருடைய ஆராய்ச்சி பாசியில். அருவிப் பாறையில் காலை வாரிவிடுகிற வழுக்குப் பாசி. சீசனில் ஊரே ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்கும்போது, இவர் மட்டும் தலையைக் குனிந்து, பழைய டூத் பிரஷ்ஷால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு வந்துவிட்டார்.

"யோவ் பெரியவரே, இங்கன என்னவே பண்ணுதீரு?"

"பாறைக்குப் பல்லு தேய்க்கேன்."

"வரிசைல அத்தனை பேரு நிக்காவ. குளிச்சா குளியும், இல்லன்னா வெளிய வாரும்."

"தம்பி, இந்தப் பாசி எங்க அதிகம்னு தெரிஞ்சா எவனும் வழுக்கி விழமாட்டான். நீ இங்கன நிக்க வேண்டிய வேலையே இல்ல."

"எனக்கு வேலை இல்லாமப் பண்ணுததுக்குத்தான் வந்தீரா?" என்று கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். டூத் பிரஷ் மட்டும் பத்திரமாகச் சட்டைப்பையில் இருந்தது. அந்தச் சுரண்டலிலிருந்து வந்த கட்டுரைகளை வெளிநாட்டில்கூட எடுத்துக்காட்டி எழுதுகிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. அத்தனையும் என் கடையில் நான் அடித்துக் கொடுத்தவை. கல்லூரி நடத்துகிற ஆய்விதழுக்குப் பக்கம் அமைத்ததும் நான்; நான் கொடுக்கும் கோப்பை அப்படியே தங்கள் இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள்.

இங்கேதான் எங்கள் இருவருக்கும் சண்டை. பிள்ளையார் சுழி இல்லாமல் என் கடையிலிருந்து ஒரு தாள் வெளியே போனதில்லை. முதல் பக்கத்தில் மேலே ஓரமாக ஒரு உ இருக்கும். ஆதாரம் சார் முதல் கட்டுரையிலேயே அதைப் பிடித்துவிட்டார்.

"பாசியப் பத்தின கட்டுரைல பிள்ளையாருக்கு என்ன வேலை அண்ணாச்சி? அவரு ஏதாவது சுரண்டிருக்காரா?"

"விக்கினம் வராம இருக்கத்தான் சார்."

"ஆதாரம்?"

"சுழி போட்டு நான் அடிச்ச ஒரு ஆய்வேடு திரும்பி வந்ததில்ல சார்."

"சுழி போடாத கடைல எத்தனை திரும்பி வந்துச்சு? ரெண்டையும் வச்சில்லா பார்க்கணும்? எடுத்திருங்க."

எடுக்கவில்லை, சின்னதாக்கினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கண்டுபிடித்தார். இன்னும் சின்னதாக்கினேன். பாசி பார்க்கிற லென்ஸைக் கொண்டுவந்து கண்டுபிடித்தார். "கொசு மாதிரி ஒக்காந்திருக்காரு ஒங்க பிள்ளையாரு" என்றார். தோற்றுப் போவது என் ஜாதகத்தில் கிடையாது. மேலே ஓரத்தில் போட்டால்தானே தேடுவார் என்று, அவர் பெயருக்கு முன்னாலேயே ஒட்டி, வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தில் உ போட்டேன். அச்சில் தெரியாது. லென்ஸில் தெரியாது. அவர் லென்ஸை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, "இப்பத்தான் அண்ணாச்சி தாளு சுத்தமா இருக்கு" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த கட்டுரை எல்லாவற்றிலும் அவர் பெயருக்கு முன்னால் வெள்ளைப் பிள்ளையார் காவல் இருந்தார். எனக்கும் பிள்ளையாருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவதாக ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லூரிப் பக்கம் போகாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அதற்கு மேற்கோள் என்று பெயர். யாரை எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்று எண்ணுவதற்கு இப்போது ஆள் கிடையாது. இணையத்தில் ஒரு மெஷின் தானாகவே எல்லாக் கட்டுரைகளையும் மேய்ந்து, எழுதியவர் பெயரைப் பிடித்து, அவரவர் தலைக்கு எண்ணிக்கை போட்டு வைக்கிறது. கல்யாண வீட்டில் யாருக்கு எத்தனை பேர் கும்பிடு போட்டார்கள் என்று வாசலில் நின்று எண்ணுகிற மாதிரி. எண்ணட்டும். ஆனால் கும்பிடு வாங்கியவர் யார் என்று நிமிர்ந்து பார்க்கிற கண் அதற்கு இல்லை. பதவி உயர்வு அந்த எண்ணிக்கையை வைத்துத்தான்.

ஆதாரம் சாரும் மனுப் போட்டார். வெளியூரிலிருந்து கோட்டுப் போட்ட ஒரு நிபுணரும், கல்லூரி முதல்வர் அம்மாவும் சேர்ந்து பரிசீலித்தார்கள். மெஷினைத் தட்டினால், சாருடைய பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அவர், அப்பா பெயருக்கான எம். இனிஷியலோடு. அவர் தலையில் என் கடைக்கு வருவதற்கு முன் எழுதிய மூன்று கட்டுரை. இன்னொருவருக்கு எம்முக்கு முன்னால் ஒரு சி. அந்த சி.எம். தலையில் பாசிக் கட்டுரை மொத்தமும், உலகம் போட்ட கும்பிடு மொத்தமும்.

கல்லூரியில் சிரிப்பு. "வழிவிடுங்கலே, சி.எம். வாறாவ" என்று ஆய்வகத்து வாசலில் பையன்கள் ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார்கள். கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. வேறொருவருடைய கட்டுரைகளைத் தன்னுடையவை என்று மனுவில் காட்டியிருக்கிறார், ஒரு வாரத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் விசாரணை என்று கடிதம் வந்துவிட்டது. தாளில் எம். என்றுதானே அச்சாகியிருக்கிறது என்று சார் சொன்னதற்கு, "தாளில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மெஷின் ஏன் பொய் சொல்லப்போகிறது?" என்றாராம்.

திருட்டு. அடுத்தவன் சொன்ன ஒரு சொல்லைக்கூட யார் சொன்னது என்று சொல்லாமல் எடுக்காத மனிதர்மேல் திருட்டு.

மத்தியானம் கடைக்கு வந்தார். கையில் அந்தக் கடிதமும், மெஷின் பக்கத்தின் ஜெராக்ஸும் இருந்தன.

"எனக்கு ஊரு பண்பொழி. ஊருக்குன்னு போட்டா பி வரணும். அப்பாவுக்குன்னா எம். இந்த சி-ல எனக்கு ஊரும் இல்ல, அப்பனும் இல்ல. யாரு அண்ணாச்சி இந்த சி? வீட்டுல டீச்சர் 'எவ அந்த சி'ன்னு கேக்கா. சாப்பாடு வைக்கா, ஆனா கேட்டுக்கிட்டே வைக்கா."

டீச்சர் என்பது அவர் மனைவி.

"பதிலு சொல்லுதேன், அடியுங்க" என்றார். அடித்தேன். "'இக்குற்றச்சாட்டு முற்றிலும் தவறு.' போட்டாச்சா? பக்கத்துல சின்னதா ஒண்ணு போடுங்க. கீழ அடிக்குறிப்பு."

"அடிக்குறிப்புல என்ன சார்?"

கையிலிருந்த கடிதத்தை மடித்தார், மறுபடி விரித்தார்.

"'ஆதாரம் கிடைக்கவில்லை'ன்னு போடுங்க."

எத்தனையோ பேர் என் கடையில் அழுதிருக்கிறார்கள். பட்டம் கிடைக்காதவர்கள், கைடு கையெழுத்துப் போடாதவர்கள், பக்க எண் மாறிப் பைண்டானவர்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம். இந்த மனிதர் அழவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தார். எனக்கு அது தாங்கவில்லை.

அந்த ஜெராக்ஸை இழுத்துப் பார்த்தேன். அவர் பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்கிற அந்த சி. அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். நான் வெள்ளைப் பிள்ளையாரை உட்காரவைத்த இடம். எங்கள் பழைய தமிழ் எழுத்துருக்களில் ஒரு சூட்சுமம் உண்டு. திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கிலம். என் கடை எழுத்துருவில் உ வேண்டுமென்றால் சி என்ற ஆங்கில எழுத்தைத்தான் தட்ட வேண்டும். மனிதக் கண்ணுக்கு வெள்ளையில் ஒன்றும் தெரியாது. மெஷினுக்கு நிறமும் கிடையாது, எழுத்துருவும் கிடையாது. சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே பார்க்கிற ஜாதி அது. அது பார்த்தது சி.

என் வாய் உலர்ந்தது. பயம் என்று எழுத மாட்டேன். வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், அந்த சி பிள்ளையாரு. போட்டது நான்."

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார், கடையை விட்டு எழுந்து போவார், நாத்திகன் பெயருக்கு முன்னால் சாமியை ஒட்டினாயே என்று கையை ஓங்குவார் என்றெல்லாம் காத்திருந்தேன்.

"ஆதாரம்?" என்றார்.

கோப்பைத் திறந்தேன். முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்கினேன். அவர் பெயருக்கு முன்னால் உ எழுந்து நின்றது. எழுத்துருவை மாற்றினேன். உ போய் சி வந்தது. திரும்ப மாற்றினேன். சி போய் உ. லென்ஸை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தார். பதினாறு தடவை மாற்றிக் காட்டச் சொன்னார். கடைசியில் சொன்னது இதுதான்: "ஒரு மனுசன் டீ வாங்கிக் குடுத்த அன்னைக்காவது சொல்லிருக்கலாம் அண்ணாச்சி."

விசாரணை அன்று என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். வாசலில் பியூன் மறித்தார்.

"வெளி ஆளு உள்ள போகப்படாது."

"உள்ள இருக்க தாளு பூராவும் என் கடைலருந்து வந்தது. நானாவே வெளி ஆளு? தள்ளும்."

கோட்டுக்காரர் முன்னால் கறுப்பாக்கினேன், மாற்றினேன், திரும்ப மாற்றினேன். முதல்வர் அம்மா வேதியியல் படித்தவர். நிறம் மாறியதும் கைதட்டிவிட்டார். கோட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. என் படிப்பு என்ன என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்று சொன்னேன். நல்ல சத்தமாகவே சொன்னேன்.

அவர் சமாதானமாக ஒரு வழி சொன்னார். "சரி, திருட்டு இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெஷினைத் திருத்த முடியாது, எழுதிப் போட்டால் வருஷக்கணக்காகும். அதைவிட, இனிமேல் நீங்களே பெயருக்கு முன்னால் சி போட்டுக்கொள்ளுங்கள். எல்லா மேற்கோளும் உங்களிடமே சேர்ந்துவிடும். வெளியூரில் பெரிய பெரிய ஆட்களே மெஷினுக்குத் தகுந்தபடி பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு எழுத்துதானே?"

எனக்கே நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது. ஆதாரம் சார் எழுந்து நின்றார்.

"எங்க அப்பா கைநாட்டு. அவரு பேரு அச்சுல வந்தது என் இனிஷியலா மட்டுந்தான். அதுக்கு முன்னால ஒருத்தரையும் நிக்கவிடமாட்டேன். மெஷின் சொன்னாலும் சரி, அண்ணாச்சியோட பிள்ளையாரே வந்து நின்னாலும் சரி. பின்னால போவும்னு சொல்லுவேன். அந்த 'இணை' எனக்கு இருந்துட்டுப் போட்டும்."

நான் பக்திமான். இருந்தும் அந்த நிமிஷம் அவருக்கு எழுந்து நின்றேன். முதல்வர் அம்மா நூலகத்திலிருந்து கட்டுரைக் கட்டு மொத்தத்தையும் கொண்டுவரச் சொன்னார். அன்று மத்தியானம் முழுவதும், மெஷினை மூடிவைத்துவிட்டு, மனிதக் கையால் புரட்டி, மனிதக் கண்ணால் பார்த்து, விரல் விட்டு எண்ணினார்கள். கோட்டுக்காரரும் எச்சில் தொட்டுப் புரட்டினார். ஓய்வுக்குச் சில மாதம் முன்பு ஆதாரம் சார் பேராசிரியர் ஆனார்.

மெஷின் மட்டும் இன்றுவரை திருந்தவில்லை. எழுதிப் போட்ட கடிதம் ஒவ்வொன்றுக்கும் அதே நிமிஷத்தில் பதில் வருகிறது: 'அன்புள்ள சி.எம். அவர்களுக்கு, உங்கள் கோரிக்கை கிடைத்தது.' அவரும் விடவில்லை. வாராவாரம் அடிக்குறிப்போடு எழுதுகிறார். இரண்டு மாதம் கடைப் பக்கமே வராமல் இருந்துவிட்டு, பிறகு வந்து அந்தக் கடிதங்களை என்னிடமே அடிக்கக் கொடுக்கிறார். "ஒங்க சாமியப் போடணும்னா கறுப்புல போடுங்க, மேல ஓரமாப் போடுங்க. ஒளிச்சு வச்சது எதுவும் என் தாள்ல இருக்கப்படாது" என்று உத்தரவு. போடுகிறேன்.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன்? போன மாதம் கல்லூரி அவருக்குப் பணி நிறைவு மலர் வெளியிட்டது. அச்சடித்தது வேறு ஊரில். போகட்டும். உள்ளே, அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி: 'ஒரு தொழில்நுட்பக் கோளாறால் ஏற்பட்ட குழப்பம் பின்னர் நிவர்த்தியானது.' ஐயா, அந்தத் தொழில்நுட்பக் கோளாறுக்குப் பெயர் உண்டு. வே. சுடலைமுத்து, யானைப்பாலம், ஐந்தாம் வகுப்பு. கெடுத்தது நான், கம்ப்யூட்டரைச் சுமந்து வந்து நிவர்த்தி செய்ததும் நான். தானாக எதுவும் கெடவுமில்லை, தானாக நிவர்த்தியாகவுமில்லை. அடுத்த பதிப்பில் இரண்டையும் என் பெயரில் போடுங்கள். அவரைப் பற்றிய புத்தகத்தில் குற்றவாளியாகவாவது இருந்துவிட்டுப் போகிறேன். நான் இல்லாத புத்தகமாக மட்டும் அது இருக்கக்கூடாது.